பழைய வண்டியும் சோதனை விளக்கும்

வண்டி வாங்குவது எளிது. அதனை ஓட்டிப் பிழைப்பதும் ஓரளவு எளிதே. பழைய வண்டியைப் பழுதின்றிக் காப்பதுதான் அரிது. இவ்வுண்மையைத் தாராவி வாழ் தமிழன்பர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. விடியற்காலையில் தொண்ணூறடிச் சாலையிலும் அறுபதடிச் சாலையிலும் வரிசையாக நிற்கும் சரக்கு வண்டிகளைக் காணுங்கள். தோற்பைகளும், பிளாஸ்டிக் மூட்டைகளும், கும்பார்வாடாவின் மண்பானைகளும், கடைகளுக்குரிய காய்கறிகளும் அவற்றின் முதுகில்தான் ஏறிச் செல்கின்றன. 2005-ஆம் ஆண்டில் டாடா ஏஸ் என்னும் சிறு வண்டி விற்பனைக்கு வந்தது. ஊரில் 'குட்டி யானை' என்றும் இங்கே 'சோட்டா ஹாத்தி' என்றும் பெயர் பெற்ற அவ்வண்டியும், அதனினும் சற்றுப் பெரிய பிக்கப் வண்டிகளும் நம்மவர் பலருக்குச் சோறிடும் சாதனங்களாயின. புதிதாய் வாங்கியோர் சிலர். பிறர் ஓட்டிக் கழித்ததைத் தவணையில் வாங்கியோரே பலர்.

நாம் இரயில்வேயில் எழுத்தராகப் பணி செய்வோர். பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. மின்சாரக் கலையை முறையாகக் கற்றவர் அல்லோம். எனினும், சென்ற ஆண்டு ஆடி மழையில் நம் குடும்பத்திற்கு நேர்ந்த ஓர் இடரும், அதன் வழியாய் நாம் கற்ற பாடமும் அன்பர்களுக்குப் பயன்படும் என்று நம்பி இதனை எழுதுகிறோம்.

நம் அக்காவின் கணவர் பத்தாண்டு கடந்த பிக்கப் வண்டி ஒன்று வைத்திருக்கிறார். நள்ளிரவு கடந்தபின் வாஷி மொத்தச் சந்தைக்குச் சென்று, காய்கறி ஏற்றி வந்து, தாராவியிலும் மாதுங்காவிலும் உள்ள கடைகளில் இறக்குவது அவர் தொழில். அன்றிரவு நாமும் துணைக்குச் சென்றிருந்தோம். செம்பூரைத் தாண்டும்போதே முன்விளக்குகள் மங்கின. மழை வலுத்ததும் வைப்பரை ஓடவிட்டார். விளக்கு மேலும் மங்கிற்று. ஹாரன் தொண்டை கட்டியவன் குரல்போல் ஒலித்தது. மான்குர்டைக் கடந்து கழிமுகப் பாலத்தை நெருங்கும் வேளையில் சாலையே கண்ணுக்குத் தெரியவில்லை. பின்னால் வந்த பெரிய லாரி ஒன்று, நம் வண்டியின் பின்விளக்கு தெரியாமல், கடைசி நொடியில் விலகிச் சென்றது. அத்தான் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, நெடுநேரம் ஒன்றும் பேசாதிருந்தார். அன்று சரக்கும் இல்லை, கூலியும் இல்லை.

மறுநாள் ஒரு கேரேஜில் காட்டினோம். 'ஆல்டர்னேட்டர் போய்விட்டது, பாட்டரியும் மாற்ற வேண்டும், பதினேழாயிரம் ஆகும்' என்றனர். அக்கா தம் மகளின் பள்ளிக் கட்டணத்திற்கெனச் சிறுகச் சிறுகச் சேர்த்திருந்த தொகை ஏறத்தாழ அவ்வளவே இருந்தது. அதனை எடுத்துக் கொடுக்க அவர் அணியமாகவும் இருந்தார். 'விளக்கு இல்லாமல் இவரை இரவில் அனுப்ப என்னால் முடியாது' என்றார். அதற்கு யார் மறுமொழி கூற இயலும்?

பணத்தைக் கொடுக்குமுன் இன்னொருவரைக் கேட்டுவிடலாம் என்று, நம் தெருவுக்கு அடுத்த சந்தில் நாற்பது ஆண்டாய் வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கும் நெல்லைச் சீமைப் பெரியவர் ஒருவரிடம் சென்றோம். அவர் முதலில் கேட்டது, 'அளந்து பார்த்தார்களா, தம்பி?' என்பதே. அளக்கவில்லை என்றோம். 'அப்படியானால் அது நோய் அறிந்து கொடுத்த மருந்து அன்று' என்றார்.

அவர் செய்ததை அன்பர்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். இஞ்சினை ஓடவிட்டு, விளக்குகளைப் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் மின்சாரம் வெளிவரும் ஆணியிலும், மறுமுனையை அதன் உடலிலும் வைத்தார். 14.2 வோல்ட் காட்டிற்று. ஓடும் வண்டியில் 13.8 முதல் 14.5 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் நலமாக உள்ளது என்பது பொருள். அடுத்து பாட்டரியின் இரு முனைகளிலும் வைத்தார், 12.5 மட்டுமே காட்டிற்று. உண்டானது 14.2; வந்து சேர்ந்தது 12.5. இடையில் 1.7 வோல்ட் எங்கே போயிற்று? மீட்டரை இஞ்சின் உடலுக்கும் பாட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே வைத்தார். 1.6 என்று காட்டிற்று. எஞ்சிய 0.1 பாசிட்டிவ் வயரில். கணக்கு நேராயிற்று. வரவுசெலவுப் பேரேட்டில் பத்து நாள் தேடிய பிழை அகப்பட்டால் எழுத்தனுக்கு உண்டாகும் மகிழ்ச்சி நமக்கு அப்போது உண்டாயிற்று.

குற்றவாளி யார்? இஞ்சினையும் சேசிஸையும் இணைக்கும் செம்புப் பின்னற்பட்டை ஒன்று. எர்த் பட்டை என்பர். அது பச்சை பூத்து, பாதி இழைகள் அற்று, துருப்பிடித்த போல்ட்டில் பெயருக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. புதுப் பட்டை, போல்ட், உப்புத்தாள், கூலி எல்லாம் சேர்த்து முந்நூற்றைம்பது ரூபாய். துருவைச் சுரண்டி வெள்ளிபோல் மின்னச் செய்து, பட்டையை முறுக்கி, மேலே கிரீஸ் பூசினார். பாட்டரியில் 14.1 வோல்ட் ஏறிற்று. விளக்குகள் பழைய ஒளியைப் பெற்றன.

எர்த் என்பதை நம்மவர் பலர் பொருட்படுத்துவதில்லை. பாசிட்டிவ் வயரில்தான் மின்சாரம் 'வருகிறது'. எர்த் வெறும் இரும்பு என்று எண்ணுகின்றனர். நாள்தோறும் நாம் ஏறிச் செல்லும் லோக்கல் இரயிலை நினைத்துப் பாருங்கள். இந்தியாவின் முதல் மின்சார இரயில் 1925 பிப்ரவரி 3-ஆம் நாள் விக்டோரியா டெர்மினசிலிருந்து குர்லாவிற்கு ஓடிற்று. அன்றுதொட்டு இன்றுவரை முறை ஒன்றே: மேலே கட்டிய கம்பியிலிருந்து மின்சாரம் வண்டிக்குள் இறங்கும், தண்டவாளத்தின் வழியே திரும்பும். திரும்பும் வழி இல்லையேல் வரும் வழியும் இல்லை. நம் பிக்கப் வண்டியில் மேற்கம்பியின் இடத்தில் வயர் இருக்கிறது. தண்டவாளத்தின் இடத்தில் வண்டியின் இரும்புடல் இருக்கிறது. அந்த இரும்பு துருப்பிடித்தால் மின்சாரம் வீடு திரும்ப வழியின்றித் தவிக்கும்.

ஒரு சிறு கணக்கு. முன்விளக்கு ஒன்று 60 வாட் என்றால், 12 வோல்ட்டில் அது 5 ஆம்பியர் எடுக்கும். இரண்டும் சேர்ந்து 10 ஆம்பியர். அவ்வழியில் துருவினால் 0.2 ஓம் தடை மட்டும் இருந்தால் போதும். ஏறத்தாழ 2 வோல்ட் அங்கேயே வீணாகும். பல்புக்குப் பத்து வோல்ட்தான் கிட்டும். வோல்ட் ஆறில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சமும் அவ்வளவே குறையும் என்று எண்ண வேண்டா, ஏறத்தாழப் பாதியாகிவிடும். வீணான மின்சாரம் அவ்விணைப்பில் சூடாகி, அதனை மேலும் கெடுக்கும்.

மும்பையில் இக்கோளாறு மிகுவதற்குக் காரணம் உண்டு. நான்கு மாத மழையும், கடலின் உப்புக் காற்றும், மாகிம் கழியின் ஈரமும் இரும்பை அரிக்கின்றன. செம்பைப் பச்சை பூக்கச் செய்கின்றன. நம் சந்துகளில் எலிகள் வயரைக் கடிப்பதும் உண்டு. ஆதலின், பழைய வண்டியின் மின்கோளாறுகளில் விலையுயர்ந்த உறுப்புகளை ஐயுறுமுன், இணைப்புகளை ஐயுறுக. இதுவே நாம் சொல்ல வந்த செய்தி. எந்த வரிசையில் பார்ப்பது என்பதைப் பெரியவர் கற்பித்தவாறே கூறுகிறோம்.

முதற்கண் கருவி. இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்று, அதற்கேற்ற ஹோல்டர், இரண்டு துண்டு வயர், ஒரு முதலைவாய்க் கிளிப். இவற்றைச் சேர்த்தால் சோதனை விளக்கு அணியமாகிவிடும். கிளிப்பை நல்ல எர்த்தில் மாட்டி, மறுமுனையால் தொட்டுப் பார்த்தால் மின்சாரம் எதுவரை வந்து நிற்கிறது என்பது விளங்கும். இதனோடு எளிய மல்டிமீட்டர் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒருநாள் டீசல் செலவிற்கும் குறைவாகவே ஆகும். ஆனால் இஞ்சினுக்குக் கணினிப் பெட்டி வைத்த பிற்கால வண்டிகளில் அப்பெட்டிக்குச் செல்லும் வயர்களைச் சோதனை விளக்கால் தொடலாகாது; அது இழுக்கும் மின்சாரத்தைப் பெட்டி தாங்காது. அங்கே மீட்டர் ஒன்றே தகும்.

இரண்டாவது பாட்டரி. வேலை தொடங்குமுன் மோதிரம், கைச்சங்கிலி இவற்றைக் கழற்றிவிடுக. பாட்டரியிலிருந்து எளிதில் தீப்பற்றும் வாயு வெளிவருமாதலால் பீடியும் தீக்குச்சியும் அருகில் வேண்டா. கழற்றுங்கால் நெகட்டிவை முதலில் கழற்றுக. மாட்டுங்கால் அதனைக் கடைசியில் மாட்டுக. ஸ்பானர் தவறி இரும்புடலில் பட்டாலும் இம்முறையில் பொறி பறக்காது. முனைகளில் வெள்ளையும் பச்சையுமாய்ப் பூத்திருந்தால், வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்துத் தேய்த்துக் கழுவுக. அந்நீர் பாட்டரிக்குள் புகலாகாது. உலர்ந்தபின் இறுக்கி முறுக்கி, வாஸ்லின் பூசுக. இரவு முழுதும் ஓய்ந்த பாட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்துள்ளது, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12-க்குக் கீழ் என்றால் காலி. நன்கு சார்ஜ் ஏற்றிய பின்னும் 10.5 அளவிலேயே நின்றால், உள்ளிருக்கும் ஆறு அறைகளில் ஒன்று செத்துவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அப்போது மாற்றுவதே வழி.

மூன்றாவது எர்த். ஒருவர் செல்ப் அடிக்க, மற்றவர் பாட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இஞ்சின் உடலுக்கும் இடையே மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் கோளாறு உண்டு. இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் உடன் கண்சிமிட்டுகிறதா? பிரேக் மிதித்தால் வேறு விளக்கு மங்கலாய் எரிகிறதா? அவ்விளக்குப் பெட்டியின் எர்த் திருகாணியைத் துருநீக்கி இறுக்குங்கள். பத்தில் ஒன்பது முறை அதுவே காரணமாயிருக்கும். அத்தானின் வண்டியில் பின்விளக்கு மறைந்ததும் இதனால்தான். பத்து நிமிட வேலை, செலவு ஒன்றுமில்லை.

நான்காவது பியூஸ். இங்கே நம்மவர் செய்யும் ஒரு தவற்றைக் கடிந்து கூறாமல் இருக்க இயலவில்லை. பியூஸ் எரிந்தால் சிகரெட் அட்டைத் தாளைச் சுற்றுவதும், கம்பியை வைப்பதும், 10 ஆம்பியருக்குப் பதில் 30 ஆம்பியர் செருகுவதும் கண்கூடு. பியூஸ் என்பது தான் எரிந்து வண்டியைக் காக்கும் காவலாளி. அவனை அகற்றிவிட்டால் எரிவது வயர், பிறகு வண்டி. சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியர் என்பது தகட்டுப் பியூஸ்களின் நிறக்குறி. எந்நிறம் இருந்ததோ அந்நிறமே போடுக.

புதுப் பியூஸும் உடனே எரிகிறதெனில், ஒன்றன்பின் ஒன்றாய்ப் பியூஸ்களை வீணாக்க வேண்டா. பியூஸின் இடத்தில் சோதனை விளக்கின் இரு முனைகளையும் செருகி, பல்பு, ஹாரன் முதலிய சாதனங்களைக் கழற்றிவிடுக. வயர் எங்கோ இரும்பில் படுகிறதாயின் விளக்கு முழு ஒளியுடன் எரியும். பிறகு வயரைப் பகுதி பகுதியாய் அசைத்துக்கொண்டே செல்க. எவ்விடத்தில் அசைக்கும்போது விளக்கு அணைகிறதோ, அவ்விடத்தில் தோல் உரிந்த வயர் அகப்படும். விளக்கே மின்சாரத்தை மட்டுப்படுத்துவதால் தேடும்போது வயர் எரியாது. பெரியவர் இதனைச் செய்து காட்டியபோது, இத்துணை எளிய வழியை இத்தனை நாள் அறியாதிருந்தோமே என்று நாணினோம்.

ஐந்தாவது, இரவில் பாட்டரி காலியாவது. சாவியை அணைத்து, கதவுகளை மூடி, நெகட்டிவ் வயரைக் கழற்றி, பாட்டரி முனைக்கும் வயருக்கும் இடையே மீட்டரை ஆம்பியர் அளக்கும் நிலையில் இணைத்துச் சற்றுப் பொறுத்திருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. மிகுதியாயின், பியூஸ்களை ஒவ்வொன்றாய் எடுத்துப் பாருங்கள். எதனை எடுத்ததும் அளவு சட்டென வீழ்கிறதோ அவ்வழியில் கசிவு உள்ளது. பின்னால் மாட்டிய பாட்டுப்பெட்டியும் அலங்கார விளக்குகளுமே பெரும்பாலும் அகப்படும். மீட்டர் இணைத்திருக்கும்போது செல்ப் அடித்துவிடாதீர்கள், மீட்டர் கருகிவிடும்.

செய்யலாகாதது ஒன்றுண்டு. இஞ்சின் ஓடும்போது பாட்டரி வயரைக் கழற்றி, 'வண்டி நிற்கிறதா பார்' என்று சோதிப்பது பழைய டைனமோ காலத்து வழக்கம். ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் அவ்வாறு செய்தால் வோல்ட் திடீரென உயர்ந்து, அதனுள் இருக்கும் டயோடுகள் கெடலாம். நல்ல ஆல்டர்னேட்டரைச் சோதனையே கொன்றுவிடும்.

பழைய வண்டி வாங்க எண்ணும் அன்பர்க்கு ஒரு சொல். 2005 ஜூலை 26-ஆம் நாள் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிற்று; மித்தி ஆறு பெருகி, எண்ணற்ற வண்டிகள் மூழ்கின. அத்துணைப் பெருவெள்ளம் அரிதெனினும், சாலையில் நிற்கும் வண்டிக்குள் நீர் புகாத மழைக்காலம் இந்நகரில் இல்லை. நீரில் நின்ற வண்டி வெளியே பளபளக்கும். உள்ளே அதன் வயர்கள் அழுகிக்கொண்டிருக்கும். இருக்கையின் அடியில் சேற்றுக்கோடு உண்டா, பியூஸ் பெட்டியின் முனைகள் பச்சை பூத்துள்ளனவா என்று பார்த்தபின் விலை பேசுங்கள். எட்டாண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். விளக்கும் ஹாரனும் வைப்பரும் ஆங்கே சோதிக்கப்படும் என்பதையும் மறவற்க.

இவையெல்லாம் படித்துவிட்டு, 'எதையும் மாற்றாதே என்கிறார்' என்று யாரும் எண்ணிவிட வேண்டா. நம் அத்தானின் பாட்டரி எர்த் பட்டையைச் சீர்செய்தபின் ஆறு மாதம் உழைத்தது. பிறகு ஒருநாள் காலையில் 10.4 காட்டிற்று. சார்ஜ் ஏற்றிப் பார்த்தோம், பயனில்லை. அன்றே புதிது வாங்கினோம். மனவருத்தம் சிறிதும் இல்லை. ஐயத்தின்பேரில் செலவிடுவது வேறு. அளந்தறிந்து செலவிடுவது வேறு. பழைய பாட்டரியைக் கடைக்காரரிடமே கொடுத்து விலையில் கழித்துக்கொண்டோம். ஈயத்திற்காக அதனை வீட்டருகே உடைக்கும் கொடிய பழக்கத்தை அன்பர்கள் அண்டவிடலாகாது. ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு. பழைய பாட்டரிகளைத் திரும்பச் சேர்க்கும் பொறுப்பினை 2022-ஆம் ஆண்டின் விதிகள் உற்பத்தியாளர்மீதே சுமத்தியுள்ளன.

முதலில் வண்டியைப் பார்த்த கேரேஜ்காரரை நாம் பழிக்கவில்லை. மங்கிய விளக்கும் இளைத்த பாட்டரியும் கண்டால் எவர்க்கும் ஆல்டர்னேட்டர்மீதே ஐயம் செல்லும். எனினும் ஐயம் வேறு, அறிவு வேறு. இடையிலிருந்தது ஐந்து நிமிட அளவை. அதன் விலை ஒரு பெண்ணின் ஓராண்டுப் படிப்பு.

எழுத்தர் என்ற முறையில் நாம் செய்த உதவி ஒன்றே. வண்டியில் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கச் சொன்னோம். நாள், மழையா வெயிலா, என்ன கோளாறு, மீட்டர் காட்டியது எவ்வளவு, செய்தது என்ன, செலவு எவ்வளவு என்று அதில் எழுதப்படும். அத்தானுக்கு எழுத்துவேலை சலிப்பூட்டும். ஆதலின் அக்காள் மகளே எழுதுகிறாள். ஞாயிறுதோறும் பாட்டரியை அளப்பதும் அவளே. சென்ற வாரம் 12.3 என்று எழுதிவிட்டு, 'மாமா, போன வாரம் 12.6 இருந்ததே, எங்கோ கசிகிறது' என்றாள். பியூஸ்களை ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்த்தோம். இருக்கைக்கு மேலுள்ள உள்விளக்கின் ஸ்விட்ச் முழுதும் அணையாமல் இருந்தது.

அன்றிரவும் வண்டி வாஷிக்குப் புறப்பட்டது. முன்விளக்கு இரண்டும் சந்தின் கோடிவரை ஒளி பாய்ச்சின. அக்கா வாசலில் நின்று, பின்விளக்குகள் கண்ணுக்கு மறையும்வரை பார்த்துவிட்டு உள்ளே சென்றார்.